அனுராதபுரத்துக்கு ஒரு மலிவு ரிக்கற்

ரயில் ரிக்கற் விற்கிறவனுக்குத் தூரமும் காசும் தெரிந்தால் போதும் என்பார்கள். வன்னிக் காட்டுக்குள் ஒரு சின்ன ஸ்ரேசனில், கம்பி ஜன்னலுக்குப் பின்னால் பதினொரு வருஷம் இருந்த பிறகு எனக்கு இரண்டிலும் சந்தேகம் வந்துவிட்டது. மலிவாகப் பயணம் போகப் பார்த்துக் களைத்த நீங்களும் என்னைப் போலக் குழம்பியிருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இங்கிருந்து அனுராதபுரம், காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பிவிடக்கூடிய தூரம். நான் மாற்றலாகி வந்த அன்றே மனைவி பரமேஸ்வரி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, அந்தப் பழைய பட்டணத்தை ஒருக்காக் காட்டுவியளே?" வெள்ளரச மரம், கவிழ்த்த கிண்ணம் போன்ற வெள்ளைப் புத்த தாதுகோபம், கல்லால் கட்டிய குளங்கள் எல்லாம் அவள் பள்ளிப் புத்தகத்தில் படமாகப் பார்த்தவை. "ஓம்" என்று வாக்குக் கொடுத்தேன்.

போறது ஒருவர், வாறது ஒருவர்

விடுமுறைக் காலத்தில் போய்வரும் ரிக்கற்றுக்குச் சலுகை உண்டு. தனித்தனியே இரண்டு எடுப்பதைவிட நல்ல மலிவு. குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்யும் கந்தையா அண்ணை அப்படி ஒன்று கேட்டார். "எப்ப திரும்புறியள்?" என்றேன், சும்மா கதைக்காக.

"நான் அங்கை நிண்டிடுவன். திரும்பி வாற பாதி மச்சானுக்கு."

போகிறவரே வரவேண்டும் என்று சட்டத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. உண்மையாகவே விளங்காத முகத்தோடு பார்த்தார். அந்தச் சட்டம் ஏன் என்று எனக்கும் அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

"தம்பி, போகேக்கையும் ஒரு ஆள், வரேக்கையும் ஒரு ஆள். ரயிலுக்கு எங்கடை முகம் தெரியுமே?"

அந்தோனியார் திருநாள்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு தாய் மகளோடு வந்தா. புருஷனுக்கு அனுராதபுரத்தில் கருவாட்டுக் கடை. பன்னிரண்டு வயது நிரம்பாவிட்டால் அரை ரிக்கற். வயதைக் கேட்டேன். "இண்டைக்குப் பதினொண்டு. வாற அந்தோனியார் திருநாளோடை பன்னிரண்டு முடியுது. நாங்கள் திரும்புறதும் அண்டைக்குத்தான்."

வயதைக் குறைத்துச் சொல்லுகிறவர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவன் நான். கேட்காமலே உண்மை சொன்ன ஆளை என்ன செய்வது? போக அரையும் வர முழுசுமாக ஒரு ரிக்கற் அச்சில் இல்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். கைகாட்டி விழுந்தது, ரயில் கூவியது. கடைசியில் இரண்டு பக்கமும் அரையாகவே கொடுத்தேன். செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. அந்தத் தாய் ஓடிக்கொண்டே சொன்னா:

"பிள்ளை பயணத்துக்குள்ளை வளந்தால் அதுக்கு நான் என்ன செய்யிறது ஐயா?"

பெரிய நட்டம்

வீட்டில் கேள்வி நிற்கவில்லை. ரயில்வேக்காரனுக்கு வருஷத்தில் சில இலவச பாஸ் உண்டு, குடும்பத்தோடு போகலாம். எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பாஸ் ஒரு பாஸ்தான். அதை அனுராதபுரம் போன்ற கிட்டடி ஊருக்கு வெட்டுவதா? எங்கள் ஆட்கள் ஒருவரும் செய்யமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வருஷமும் கொழும்புக்கு என்று எழுதி எடுத்தேன், வழியில் அனுராதபுரத்தில் இறங்கலாம் என்ற கணக்கில். கொழும்புக்கென்றால் நாலு நாள் லீவு வேண்டும். லீவு கிடைக்காது. மார்கழி முடிய பாஸ் செத்துவிடும்.

காலாவதியான பாஸ் ஒன்றை நான் கிழித்துப் போட்டதைச் சிக்னல்காரன் பாலசிங்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கிட்ட ஊருக்குப் போகாமல் விட்டால் சின்ன நட்டம், தூர ஊருக்குப் போகாமல் விட்டால் பெரிய நட்டம். ஐயா எப்பவும் பெரிசாத்தானே யோசிக்கிறவர்!"

வளையல் கை

போன பொசன் பௌர்ணமி விடுமுறைக்குச் சலுகை ரிக்கற் கேட்டு ஜன்னலில் நெரிசல். தலை நிமிர்த்த நேரமில்லை. நீளும் கைகளைத்தான் பார்ப்பேன். பச்சை வளையல் போட்ட ஒரு கை காசை நீட்டியது. "அனுராதபுரம், மூண்டாம் வகுப்பு, போய்வாறது ஒண்டு."

வளையலை எனக்குத் தெரியும். நான் வாங்கிக் கொடுத்தது. பரமேஸ்வரி அயல்வீட்டுப் பெண்களோடு, சாப்பாட்டுப் பொட்டலமும் கையுமாக வரிசையில் நின்றாள்.

"உமக்கென்ன விசரே? காசு குடுத்துப் போறதே? நில்லும், பாஸ் எடுத்துத் தாறன்" என்று மெல்லச் சொன்னேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சாருங்கோ" தவிர வேறொன்றும் சொல்லி அழைக்காதவள், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"பாஸெண்டால் வாற வருஷம் எல்லோ வரச் சொல்லுவியள், ஐயா! காசைப் பிடியுங்கோ, பின்னாலை சனம் நிக்குது."

திகதி குத்திக் கொடுத்தேன். மீதிக் காசைப் பிழையாகக் கொடுத்துவிட்டேன் என்று அவள்தான் திருத்தினாள். அன்று மாலை திரும்பி வந்து தாதுகோபத்தின் உயரத்தைக் கைகாட்டி விளங்கப்படுத்தினாள். நானும் "ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும் மேசையின் லாச்சிக்குள் இந்த வருஷத்துப் பாஸ், இரண்டு பேருக்கு, கொழும்பு வரை என்று நிரப்பியபடியே கிடக்கிறது.