மாமா டிஷ்ஷைக் கவிழ்த்த நேரம்

மாமா எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் அவரை வேவு பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கொடுத்தது அம்மா, அதாவது அவருடைய சொந்த அக்கா. எனக்குப் பத்து வயது. சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு பொறுப்பான வேலையை யாரும் கொடுத்ததில்லை. ஆகவே சிரத்தையாகச் செய்தேன்.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. மாமா ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். அங்கே கழற்றிப் போட்ட பழைய டிஷ் ஒன்றை ஒரு நாள் தோளில் சுமந்துகொண்டு வந்தார். டிவிக்கு என்று நினைத்தோம். அவரோ அதை வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் பந்தலுக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயில் மாட்டி, கையடக்கமான ஒரு மீட்டரோடு இணைத்தார். லீவு நாளில் மதியத்துக்கு முன்னால் நட்டை விரலாலேயே தளர்த்தி டிஷ்ஷைச் சூரியன் பக்கம் திருப்புவார். மீட்டர் கீச்சென்று கத்தும், முள் ஏறும். முள் நின்ற எண்ணையும் மணியையும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

கேட்டால், சூரியன் வெளிச்சத்தோடு ரேடியோ அலையும் அனுப்புகிறது, அதை அளக்கிறேன் என்பார். இது கைவந்துவிட்டால், தேயிலை மூட்டைக்குள் இருக்குமே வெள்ளித்தாள், அதை அட்டையில் ஒட்டிப் பெரிய கூம்பு செய்து, பால்வீதியிலிருந்து வரும் அலையையும் பிடிக்கப்போவதாகச் சொன்னார். பால்வீதி அம்மாவின் காதில் விழவே இல்லை. தேயிலை மூட்டை மட்டும்தான் விழுந்தது. ஃபேக்டரிச் சாமானில் கைவைக்கப்போகிறான் என்று அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

லைனில் ஆளுக்கொரு பேச்சு. டிஷ்ஷுக்குக் குறுக்கே ஆள் போனாலும் அந்த மீட்டர் கத்தும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா விறகு எடுக்கப் போனபோது கத்தியது. அன்றிலிருந்து அது ஆளை மோப்பம் பிடிக்கிறது என்று அவர் சொல்லிவந்தார். காட்டு யானையின் கழுத்தில் ரேடியோ மாட்டி, அது எங்கே நிற்கிறதென்று வனத்துறைக்காரர்கள் ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு தேடிய காலம் அது. மாமாவின் டிஷ் யானையை இங்கே இழுத்துவிடும் என்றும் சிலர் சொன்னார்கள். எனக்கு எல்லாமே நம்பும்படியாகத்தான் இருந்தது.

அம்மாவின் பயம் வேறு. வீடு கம்பெனி வீடு. எஸ்டேட்டில் வேலை செய்யாத மாமாவை நாங்கள் தங்கவைத்திருந்ததை எல்லாரும் கண்டுங்காணாமல் விட்டிருந்தார்கள். ஒருவர் ஆபீசில் எழுதிக் கொடுத்தால் போதும், மாமாவோடு நாங்களும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.

இந்த நிலைமையில் மாமா தானாகப் போய் மாட்டிக்கொண்டார். செப்டம்பர் கடைசி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பைப்படியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம் சொன்னார்: "நாளைக்கும் நாளன்னைக்கும் பதினொன்னே முக்கால் வாக்குல டிவி போயிரும். பயப்படாதீக, அஞ்சாறு நிமிசத்துல தானா வந்துரும்." சூரியன் சரியாக சேட்டிலைட்டுக்குப் பின்னால் வரும், அதன் இரைச்சலில் டிவி சிக்னல் அமுங்கிவிடும், வருஷத்துக்கு இரண்டு தடவை சில நாள் இப்படி ஆகும் என்றெல்லாம் விளக்கினார். டிஷ் ஏஜென்டுக்குப் போன் போட்டு அலைய வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்குப் படம் கட்டம்கட்டமாக உடைந்து நின்றுபோனது. லைன் முழுக்க ஒரே ஏஜென்டு மாட்டிய, ஒரே சேட்டிலைட்டைப் பார்த்த டிஷ்கள் என்பதால் எல்லா வீட்டிலும் போனது. எட்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் மாமாவின் நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கான பக்கம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. தொடக்கம் 11.44, முடிவு 11.49, இந்தத் தடவைக்கு இதுவே கடைசி நாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமையில் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சத்தமாகவே சொன்னேன். லைன் வீடுகளுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. பெரியம்மா கேட்டுவிட்டார். டிவியை நிறுத்துவது மாமாவின் டிஷ்தான் என்று ராத்திரிக்குள் லைன் முழுக்கப் பரவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மூடுபனி. பதினொன்று நாற்பதுக்கெல்லாம் பெரியம்மாவும் யூனியன்காரரும் இன்னும் நாலைந்து பேரும் எங்கள் பின்கட்டில் நின்றார்கள். டிவியைப் பார்த்துச் சொல்ல என்னைப் பின்வாசற்படியில் நிறுத்தினார்கள். 11.44க்குப் படம் உடைந்தது. போச்சு என்று கத்தினேன்.

"சூரியன்தான் காரணம்னியே தம்பி, அது எங்கிட்டு இருக்கு, காட்டு பாப்போம்" என்றார் யூனியன்காரர்.

மாமா டிஷ் பார்த்த திசையைக் காட்டினார். அங்கே வெறும் வெள்ளைதான். ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து மீட்டர் மட்டும் வீறிட்டது. பனி இந்த அலையை மறைக்காது என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

"நாளைக்கு ஆபீசுல எழுதிக் குடுத்துர வேண்டியதுதான்" என்று யூனியன்காரர் மற்றவர்களிடம் சொன்னார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமா அவளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கவுத்துப் போட்டுருதேன்ணே. நட்டு இறுகிக் கெடக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றவர் உள்ளே போய் ஸ்பேனர் எடுத்துவந்தார். அது சேரவில்லை என்று வேறொன்று எடுத்துவந்தார். குனிந்து திருகினார், மூச்சு வாங்க நின்றார், மறுபடி திருகினார். கடைசியில் டிஷ்ஷைக் கழற்றிக் குப்புறக் கவிழ்த்தார். அந்த நொடியில் லைன் முழுக்க எல்லா டிவியும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. வந்துருச்சு என்று நான் குதித்தேன்.

"பாத்தீகளா?" என்றார் பெரியம்மா. இனிமேல் அதைத் தொடக்கூடாது, ஆபீஸ் வரைக்கும் போக வேண்டாம் என்று யூனியன்காரர் தீர்ப்புச் சொன்னார். மாமா தலையாட்டினார். எங்கள் வீடு எங்களுக்கு நின்றது. அடுத்த மாதம் மாமா தேனிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். வெள்ளித்தாள் கூம்பைக் கடைசிவரை அவர் செய்யவே இல்லை. டிஷ்ஷில் எங்கள் கோழிகள் தண்ணீர் குடித்தன.

அவர் விட்டுப்போன நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், முடிவு 11.49 என்பதற்குக் கீழே பென்சிலால் ஒரு வரி: 'கவிழ்த்தது 11.49.' முன்னமே கவிழ்த்திருந்தால் டிவி வந்திருக்காது. வீட்டுக்குள் இன்னொரு கருவி இருக்கிறது என்று சாமானைக் கலைத்திருப்பார்கள், மறுநாள் ஆபீசுக்கும் போயிருப்பார்கள். அதனால் செய்யாத குற்றத்தை நிமிடம் பிசகாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

மூன்று மாதம் அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தவள் நான். அந்த நட்டை அவர் விரலாலேயே திருப்புவார் என்று அங்கே நின்றவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் ஸ்பேனரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தபோது, மலை ஈரத்தில் நட்டு துருப்பிடித்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.