கேட்கும், கதைக்காது

உப்புத் தண்ணீர் குடித்த பொருட்களை எழுப்பிவிடுவதுதான் பருத்தித்துறையில் என் தொழில். திருத்துகிற மேசைக்குப் பின்னால் இருந்து ஏச்சு வாங்கிய எவருக்கும் இதைப் படிக்கையில் கொஞ்சம் வியர்க்கும்.

தொட்டி

கடலில் விழுந்த எதையும் நான் முதலில் அதிர்வுத் தொட்டியில்தான் போடுவேன். சின்ன எவர்சில்வர் தொட்டி, உள்ளே கழுவும் திரவம். சுவிட்சைப் போட்டால் காதுக்கு எட்டாத வேகத்தில் திரவம் அதிரும். இடுக்குகளில் இருக்கும் உப்பு கழன்று வரும். எட்டு வருடம் அது என்னை ஏமாற்றியதில்லை.

குணம் அண்ணை தன் வயர்லெஸ்ஸைக் கொண்டுவந்தபோதும் அதைத்தான் செய்தேன். மச்சான் கனடாவில் இருந்து அனுப்பிய புதுச் செட், படகுக்குள் தேங்கிய தண்ணீரில் ஒரு பகல் முழுக்கக் கிடந்திருக்கிறது. கைபேசி எட்டாத தூரத்தில் தனியாகத் தொழில் செய்கிறவர். கரையோடு கதைக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை. தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணிக்கை விழுந்ததைத் திரும்பத் தண்ணிக்கை போட்டோ திருத்திறாய், தம்பி?"

ஒரு சாண்

காய்ந்த பிறகு செட் எழும்பியது. கடலில் நிற்கும் படகுகளின் கதை தெளிவாகக் கேட்டது. அது கதைக்கிறதா என்று பார்க்க, மேசையில் என் பழைய செட்டை வைத்துவிட்டு இதில் ஒன்று, இரண்டு எண்ணினேன். அதில் என் குரல் வந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் தூரம். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வெயில்; கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு மத்தியானம் இருந்திருக்கும். குணம் அண்ணை செட்டை இடுப்பில் செருகினார். "நாளைக்கு விடிய இதோடைதான் போறன்."

நந்தன்

மறுநாள் பத்து மணிக்கு, கழுவும் திரவம் கேட்டு யாழ்ப்பாணத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நந்தனுக்குப் போன் எடுத்தேன். சும்மா இருந்திருக்கலாம். புதுச் செட் ஒன்றைக் காப்பாற்றியதாகப் பெருமையடித்தேன். மாடலைக் கேட்டான். தொட்டியில் போட்டாயா என்று கேட்டான்.

அந்தச் செட்டுக்குள் மெம்ஸ் என்கிற நுண்ணிய சுவிட்ச் இருக்கிறது என்றான். ஏரியலை வாங்கும் பக்கமும் அனுப்பும் பக்கமும் மாற்றிவிட, தலைமயிரைவிட மெல்லிய தகடு ஒன்று சிப்புக்குள் மேலும் கீழும் அசையும். தொட்டி அதிர்ந்தால் அது வாங்கும் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அவனே இரண்டு செட்டை அப்படிப் பாழாக்கியிருக்கிறான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கசிகிற அலையே போதும், குரல் கேட்கும். தூரத்துக்கு ஒரு சொல்லும் போகாது. சிக்னலை வீணாக்காத சாமான் என்பதால் போன், போன் கோபுரம் எல்லாவற்றுக்குள்ளும் மெல்ல மெல்ல வரப்போகிறது என்றான். "இனி வாறதெல்லாம் உள்ளுக்கை அசையிற சாமான்தான். உன்ரை தொட்டியைத் தூக்கி எறி."

கரைச் செட்

வெளியே வந்தபோது வடகிழக்கில் வானம் கறுத்திருந்தது. காற்று எழும்பும் என்ற அறிவிப்பைக் கேட்டு மற்றப் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. மீனவர் சங்கக் கட்டிடத்துக்கு ஓடினேன். குணம் அண்ணையின் மனைவி பவளம் அக்கா கரைச் செட்டின் முன்னால் நின்றார். எத்தனை தரம் கூப்பிட்டும் பதில் இல்லை. திரும்பியவர்கள் ஒருவரும் குணம் அண்ணையைக் காணவில்லை. படகு கவிழ்ந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவுமில்லை.

நான் செய்ததைச் சொன்னேன். செட் கேட்கும், கதைக்காது என்றேன். நிச்சயமோ என்று கேட்டார். நிச்சயமில்லை என்றேன். அவர் என்னை ஏசவில்லை. மைக்கை எடுத்து, காற்று வருகிறது, வலையை அறுத்துவிட்டுத் திரும்புங்கோ என்றார். ஒவ்வொரு ஐந்து நிமிடமும் அதையே சொன்னார். இடையில், மகளின் சோதனை, ஒழுகுகிற கூரை, குணம் அண்ணை விழுங்காமல் ஒளித்து வைத்த பிரஷர் குளிசை எல்லாம் அலையில் போயின. பொத்தானை விட்டபோதெல்லாம் இரைச்சல் மட்டும் வந்தது. யன்னல் கதவு அடிக்கத் தொடங்கியது. கொஞ்சம் தண்ணீர் குடியுங்கோ என்றேன். தலையசைத்து மறுத்தார். "நான் நிப்பாட்டினா மனிசன் தனிச்சுப் போயிடும்."

கரை

ஒன்றரைக்குக் குணம் அண்ணையின் படகு தெரிந்தது. அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இழுத்து ஏற்றியபோது உள்ளே வலை இல்லை. அறுத்த கயிற்று நுனி மட்டும் கிடந்தது. அவருக்குக் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேரே என்னிடம் வந்து செட்டை என் கையில் வைத்தார். கன்னத்தில் விழும் என்று நின்றேன். அக்கா அறுக்கச் சொல்லியிராவிட்டால் வலை இழுத்து முடியும்வரை அங்கேயே நின்றிருப்பேன் என்றார். பதில் சொல்லப் பொத்தானை அமத்தி அமத்திப் பெருவிரல் வீங்கியிருந்தது. பிறகு அக்காவை ஒருதரம் பார்த்தார். "இருபத்தைஞ்சு வருசத்திலை இண்டைக்குத்தான், தம்பி, இவள் கதைச்சு முடியுமட்டும் குறுக்கை கதைக்காமல் கேட்டனான்."

தொட்டி இப்போது எதிர்க் கடையில் மூக்குக்கண்ணாடி கழுவுகிறது. பழைய செட்டைக் கடையில் காத்திருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, நான் திருத்திய ஒவ்வொரு செட்டோடும் கலங்கரை விளக்கம்வரை நடந்துபோய் ஒன்று, இரண்டு எண்ணுகிறேன், ஊர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறது.