கொலுப்படியில் ஏறிய என் மரப்படை

கல்யாணமாகி, மீசை வைத்து, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வரைபடக்காரனாக வேலை பார்க்கும் ஒரு ஆள் வீட்டில் உட்கார்ந்து பொம்மை செய்கிறான் என்றால் யார் மதிப்பார்கள்? அதனால் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்கள் தளத்தில் இருந்த எவரிடமும் நான் மூச்சுவிடவில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவளும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, "அவரு ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டாந்து செய்யிறாரு" என்றே சமாளித்துவந்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுபாங் ஜெயாவில் ஒரு கடையின் மேல்மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். பெரிய மேசை, அதன்மேல் பச்சைத் துணி, அட்டையில் செய்த குன்றுகள். ஆளுக்கொரு படை இருக்கும். கட்டைவிரல் உயரத்தில் வீரர்கள், பூதங்கள், எலும்புக்கூடுகள். பகடை உருட்டி, அளவுநாடா பிடித்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு போர் நடத்துவோம். சாயம் பூசாத பொம்மையை மேசையில் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து ஈயப் பொம்மைகளை வரவழைத்துச் சாயம் பூசினார்கள். நான் என் படையை நானே செய்தேன். நடக்கும் மரங்கள் அவை. வேர்தான் கால், கிளைதான் கை, அடிமரத்தில் முகம்.

சொன்னால் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும் அந்த எரிச்சல். மின்சார வயரை உரித்துச் செம்புக் கம்பியை எடுத்து எலும்புக்கூடு முறுக்க வேண்டும். அதன்மேல் அப்புவதற்கு, ஒழுகும் குழாயை அடைக்கும், இரண்டு துண்டாக வரும் களிம்பை ஹார்ட்வேர் கடையில் வாங்குவேன். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிசைந்தால் அரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் கல்லாகிவிடும். துடைப்பக் குச்சியின் நுனியால் பட்டையின் வெடிப்பைக் கீறிக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் யாராவது வந்து மணி அடிப்பார்கள். போய்த் திரும்பினால் மரத்துக்கு மூக்கு பாதியில் நிற்கும். காய்ந்தபின் முழுக்கக் கறுப்பு, அதன்மேல் பழுப்பு, கடைசியில் தூரிகையைப் பழைய பனியனில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒட்டியும் ஒட்டாமலும் வெளிர்நிறத்தைத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் பட்டையின் மேடுகள் எழுந்து நிற்கும். காலடியில் இலைச்சருகுக்குக் காய்ந்த தேயிலைத் தூள். ஏழு மரங்கள் முடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

கண்களை மட்டும் நான் வரையவில்லை. வேண்டுமென்றேதான். ஆழமாகக் குழி தோண்டி, உள்ளே கறுப்பை ஊற்றிவிட்டேன். பார்த்தால் உள்ளே ஏதோ இருட்டு உட்கார்ந்து நம்மைப் பார்ப்பதுபோல் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இப்படி இருக்கும்போதுதான் கடைக்காரர் அந்தச் செய்தியைச் சொன்னார். சிங்கப்பூரில் இதுமாதிரிப் பொம்மைகளை வார்த்து விற்கும் ஒரு சின்னப் பட்டறையின் முதலாளி வருகிறாராம். அச்செடுக்க மூலப் பொம்மை செய்துகொடுக்க ஆள் தேடுகிறாராம். வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் இங்கே இருப்பார். "உன் மரத்த கொண்டாந்து காட்டு லா" என்றார் கடைக்காரர். எட்டு வருடமாகத் திருகாணியும் குழாய் வளைவும் வரைந்து வரைந்து எனக்குக் கை செத்துப்போயிருந்தது. என் வாழ்க்கையில் வேறு ஒரு கதவு இருந்ததென்றால் அது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த வாரம்தானா நவராத்திரி வரவேண்டும்!

வருடா வருடம் கிள்ளானிலிருந்து என் மாமியார் தன் கையாலேயே சாயம் புதுப்பித்த கொலுப் பொம்மைகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் ஐந்து படி. வெள்ளை வேட்டி விரித்து, மேலே கலசம், வரிசையாகச் சாமிகள், செட்டியாரும் மனைவியும், கல்யாண ஊர்வலம். கடைசிப் படிக்குக் கீழே மணலைப் பரப்பிக் கடுகு விதைத்துப் பூங்கா. அந்தப் பூங்காவில், குளத்துக்குப் பதிலாக வைத்த கண்ணாடித் துண்டைச் சுற்றி, என் ஏழு மரங்கள். ஏழுக்கும் நெற்றியில் குங்குமம். அது போதாதென்று ஏழுக்கும் கண். வெள்ளையும் கறுப்புமாக, விழித்துக்கொண்டு!

குளிர்சாதனப் பெட்டியின் மேல் காயவைத்திருந்தவை அவை. மனைவியை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"யாரக் கேட்டு எடுத்தாங்க?"

"சத்தம் போடாதீங்க. அம்மா உங்களப் பத்திப் பெருமையா பேசிக்கிட்டு இருக்காங்க. மாப்பிள்ளை கொலுவுக்குன்னே மரம் செஞ்சு வெச்சிருக்காருன்னு கீழ் வீட்டு ஆன்டி வரைக்கும் சொல்லியாச்சு."

"கொலுவுக்கா? ஞாயித்துக்கிழம அந்த சிங்கப்பூர் ஆளு வராரு! உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். நான் கோயிலுக்குப் போயிட்டு வரதுக்குள்ள வெச்சிட்டாங்க. கொலுவுல வெச்சத நடுவுல எடுக்கக் கூடாதுங்க. விஜயதசமி கழியட்டும்."

"விஜயதசமிக்குள்ள அந்த ஆளு ஊருக்குப் போயி ஒரு வாரம் தூங்கி எழுந்திரிச்சிருப்பாரு!"

"எடுத்தீங்கன்னா அம்மா சாப்பிட மாட்டாங்க. அப்புறம் நீங்களே பாத்துக்குங்க."

"சரி, அந்தக் கண்ண யாரு வரையச் சொன்னா?"

"கண்ணு தெறக்காத பொம்மைய கொலுவுல வைக்கலாமா? பாவம், மாப்பிள்ளைக்கு நேரமில்ல போல, கண்ணு மட்டும் பாக்கி கெடக்குன்னு அவங்களே உக்காந்து முடிச்சாங்க."

பாக்கியாம்! நான் ஒரு வருடம் யோசித்துத் தோண்டிய இருட்டு அவருக்குப் பாக்கி வேலையாகத் தெரிந்திருக்கிறது. "கிள்ளான் பாசார் கடையில தொங்குற ரப்பர் பொம்மைக்குக்கூட இதவிட நல்ல கண்ணு இருக்கும்" என்று கத்தினேன். அடுக்குமாடிச் சுவருக்குக் காது என்ன, வாயே உண்டு. அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. நின்றதை நான் கவனித்தேன். கவனித்தும் வாயை மூடவில்லை.

சனிக்கிழமை முழுவதும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாட்டு, சுண்டல், வெற்றிலை பாக்கு. ஒரு அக்கா ஏழில் என் படைத் தளபதியான மரத்தைக் கும்பிட்டுவிட்டு, "இது எந்த ஊரு முனி?" என்று கேட்டாள். மாமியார் வேளைக்கு வேளை விதைத்த கடுகுக்குத் தண்ணீர் தெளிக்க, மரங்களின் அட்டை அடிப்பாகம் ஊறி உப்பியது. நான் படுக்கையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேசினேன். மரம் வரமுடியாது, ஆளைத்தான் மரத்திடம் அழைத்துவர வேண்டும் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கடைக்காரர் கீழே இறக்கிவிட்டுப் போக, சிங்கப்பூர்க்காரர் மேலே வந்தார். ஐம்பது வயதுச் சீனர், ஒல்லியான ஆள், சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே கொலுவுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாமியார் ஒரு தட்டில் சுண்டல் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களை வாசலில் போய் நின்றார். அவர் என் முகத்தைப் பார்த்து இரண்டு நாளாகியிருந்தது.

கண்களுக்காக மன்னிப்புக் கேட்க நான் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வந்தவர் விடவில்லை. தரையில் ஏறக்குறையப் படுத்துக்கொண்டு, மரங்களைத் தொடாமல், ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"பட்டை நல்லா இருக்கு. கை விரல் நல்லா இருக்கு. இந்த மாதிரி மரம் நான் நெறையப் பாத்திருக்கேன்" என்றார். "ஆனா இந்தக் கண்ணு! இங்க பாரு, இது பக்கத்துல இருக்குற மரத்த சந்தேகப்படுது. இது தன்னோட காலப் பாத்து வெக்கப்படுது. ஏழும் ஏழு மனுஷன். யார் வரைஞ்சது?"

நான் அப்போதுதான் அந்தக் கண்களை ஒழுங்காகப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம்.

"நான்தான்" என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் பேசுகிறோம், மாமியாருக்கு எங்கே புரியப்போகிறது என்று ஒரு அற்ப தைரியம் இருந்திருக்க வேண்டும். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் காலமெல்லாம் ஆங்கிலக் கடிதங்களைத் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவர் என் மாமியார் என்பது அந்த நிமிஷத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் பூசணிக்காய்க்கு முன்னாலேயே.

"ஷபாஷ்! எனக்கு ஒண்ணு வரைஞ்சு காட்டேன்" என்றார் அவர்.

என்னிடம் படைக்குச் சேராத எட்டாவது மரம் ஒன்று அரைகுறையாக இருந்தது. எடுத்துவந்தேன். மெல்லிய தூரிகையை எடுத்து வெள்ளையைத் தொட்டேன். வெள்ளை வழிந்தது. அதன்மேல் கறுப்புப் புள்ளி வைத்தேன், ஒன்று கூரையைப் பார்த்தது, இன்னொன்று சமையலறையைப் பார்த்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இன்னும் மோசம்.

அவர் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பரவால்ல லா. நான் அப்புறம் போன் பண்றேன்" என்று எழுந்தார். அப்படிச் சொல்பவர்கள் போன் பண்ணுவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? செருப்பைத் தேடிக் காலை நீட்டினார். எட்டு வருடத் திருகாணிகளும் என் கண் முன்னால் வரிசையாக நின்றன.

"பாஸ், நில்லுங்க" என்றேன். "கண்ணு நான் வரையல. அவங்க வரைஞ்சது."

எல்லோரும் அடுக்களை வாசலைப் பார்த்தோம். மாமியார் முந்தானையில் கையைத் துடைத்தபடி மகளிடம் சொன்னார், "என்னோடது பாசார் பொம்மைக் கண்ணு. அது எதுக்கு அந்த மனுஷனுக்கு?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "அத்தை, நான் பேசினது தப்பு. ஒரு தடவ வரைஞ்சு காட்டுங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம், அதில் என்ன கௌரவம்.

அவர் வந்து உட்கார்ந்து, என் தூரிகையை வாங்கிப் பார்த்து, அதில் பாதி முடியைப் பிய்த்துப் போட்டார். எட்டாவது மரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். முதலில் கறுப்பில் ஒரு சின்னக் கோடு, அப்புறம் அதன் இரண்டு பக்கமும் வெள்ளை. மூச்சை அடக்கிக்கொண்டு செய்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நேராக நிறுத்தியபோது மரம் என்னைப் பார்த்தது, ஏதோ செய்யக் கூடாததைச் செய்து மாட்டிக்கொண்ட ஒருவனைப் பார்ப்பதுபோல.

சிங்கப்பூர்க்காரர் சத்தம்போட்டுச் சிரித்தார். மறுபடி உட்கார்ந்தார். ஆறு மரங்கள் வேண்டும், உடம்பு நீ, கண் ஆன்டி, இரண்டு பேரும் சேர்ந்து செய்வதாக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் தன் முகவரி அட்டையை நீட்டியது என் பக்கம் அல்ல. மாமியார் அதை வாங்கிப் படித்து, "தேங்க் யூ" என்று தெளிவான ஆங்கிலத்தில் சொல்லிக் கலசத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

சிங்கப்பூர்க்காரர் படியிறங்கிப் போனபின் கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் சுண்டல் தட்டை எடுத்துக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரி மகளிடம் சொன்னார்:

"மாப்பிள்ளைக்கு மரம் நல்லாத்தான் வருது. பொய்தான் கைக்கு வரல."