பிசேசர் நட்ட சிவப்புக் கொடி

பிசேசரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை எங்கள் தீவில், லௌதோக்காவின் கரும்புக் காடு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. கடையில், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்ப் பொடி வாங்கினால் நாக்கில் தொட்டுப் பார்த்து, மாவு கலந்துவிட்டான் என்று திட்டிவிட்டுத்தான் காசை நீட்டுவார். ஆலைக்குப் போகும் தன் கரும்பு வண்டி ரயில் வளைவு தாண்டி மறையும்வரை நின்று பார்ப்பார். வழியில் யாராவது உருவிவிடுவார்களாம். "சாப்பிட்டாச்சா?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் போச்சு, இவன் எதற்கு இதைக் கேட்கிறான் என்று அன்று முழுக்க யோசனைதான்.

பிறவியிலேயே அப்படி இல்லை, பாவம். அவர் அப்பா உழுதது குத்தகை நிலம். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே கைநாட்டு வைத்த மனிதர். கெடு முடிந்ததும் தகர வீட்டைக் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டியதாயிற்று. லாரியில் இடமில்லாத ஒரு கதவைச் சிறுவன் பிசேசர் தலையில் சுமந்து வந்தார். அந்தக் கதவுதான் இன்றைக்கும் அவர் சமையல்கட்டில் இருக்கிறது. அதைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அப்பா வைத்த கைநாட்டு அவருக்கு ஞாபகம் வரும்; காகிதம் எது வந்தாலும் தள்ளி வைத்துவிடுவார். அப்புறம் பாடுபட்டுச் சொந்தமாக வாங்கியதுதான் இந்த நிலம்.

அப்படிப்பட்டவர் வாசலில் வந்து நின்றாள் அசெனாதா. நகரசபையில் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். முறைப்படி யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை அவர் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். ஊர்த்தலைவருக்குச் செய்கிற மரியாதையைத் தனக்கு ஏன் செய்கிறாள் என்று பிசேசருக்கு அங்கேயே மூக்கு வியர்த்துவிட்டது.

"மெயின் ரோட்டுலேர்ந்து மலையடி வரைக்கும் ரோட்ட நீட்டப் போறோம் ஐயா. நீங்கள்லாம் நிலத்து ஓரத்த விட்டுக் குடுங்க, ரோட்ட சபை போட்டுடும். மிச்ச நிலம் மனை வெலைக்குப் போகும்."

"சரி, அதுல உங்களுக்கு என்ன?"

"ஊருக்கு ரோடு கெடைக்குது."

"அது ஊருக்கு. உங்களுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பையும் பிசேசர் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பக்கத்து நிலத்து ஜகநாராயண் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மற்றவர்களும் போட்டார்கள். பாதை பிசேசர் வீட்டு வாசலை ஒட்டித்தான் வர வேண்டும். அவர் ஒருவர் மறுத்தால் நடுவில் அறுந்துபோகும்.

"ஜகநாராயண் முந்திக்கிட்டான்னா உள்ள ஏதோ இருக்கு" என்றார் மனைவி சுமிந்திராவிடம்.

சுமிந்திராவுக்கு மூச்சிழுப்பு நோய். மழை பெய்தால் டாக்சிக்காரன் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். கரும்புக்கு நடுவே சேற்றில் நின்று நின்று வருவாள். போன மழைக்கு உதடெல்லாம் நீலம் பாரித்து வாசலில் வந்து விழுந்தாள்.

"உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. ஆஸ்பத்திரிக்குச் சேத்துல நடக்கறது நானு. உங்க சந்தேகமா நடக்குது?" என்று சீறினாள்.

பிசேசர் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மூங்கிலை வெட்டி, சிவப்புத் துணி கட்டி, பாதை வரப்போகும் இடத்தில் நட்டார். பண்டிதர் இல்லை, மந்திரம் இல்லை. ஒரு ஊதுவத்தியை மட்டும் கொளுத்தினார். அனுமார் கொடியை எவன் பிடுங்குவான்? எங்கள் பக்கத்தில் அது தானாக மக்கி விழும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"சாமிய முன்னால நிறுத்திட்டு நீங்க பின்னால ஒளிஞ்சுக்கிறீங்களே, நல்லாருக்கா?" என்றாள் சுமிந்திரா. அவளும் கொடியைத் தொடவில்லை.

அசெனாதா வந்தாள். கொடியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினாள். "உங்க கோயில் மேல ரோடு போட மாட்டோம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிசேசர் அன்று இரண்டு கிண்ணம் யங்கோனா கூடுதலாகக் குடித்தார்.

கொஞ்ச நாளில் மண் வெட்டும் வண்டி உறுமியது. ஓடிப்போய்ப் பார்த்தார். பாதை இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஓடும் கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஜகநாராயணின் கரும்புக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. தன் பங்கோடு பிசேசர் பங்கையும் சேர்த்து அவனே விட்டுக் கொடுத்திருந்தான். எவனாவது சும்மா நிலம் கொடுப்பானா? பிசேசருக்குத் தூக்கம் போயிற்று. கொடுத்தவன் பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எமகாதகனாக இருக்க வேண்டும்.

தார் போட்டு முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எல்லார் நிலத்துக்கும் சாலை முகப்பு இருந்தது. அவருக்கு மட்டும் முன்னால் கால்வாய், அதற்கப்பால் ஜகநாராயண் வேலி. சாலைக்குப் போக வேண்டுமானால் ஒன்று பழைய சேறு, இல்லை அவன் நிலம்.

"இதுக்குத்தான்டி காத்திருந்தான்! இப்ப நம்மள வாசல்ல நிக்க வச்சு வாடகை கேப்பான், பாரு!"

சுமிந்திரா பதில் சொல்லாமல் கையால் காட்டினாள். கால்வாயின் குறுக்கே இரண்டு தண்டவாளக் கட்டைகள் போட்டிருந்தன. வேலியில் சின்னதாக ஒரு வாசற்படல்.

பிசேசர் நேரே போய்ப் படலைத் தடவிப் பார்த்தார். பூட்டு இல்லை. பூட்டு மாட்ட வளையம்கூட இல்லை. அந்தப் பக்கம் ஜகநாராயண் கரும்புச் சோகை உரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"வாசல்ண்ணே. அண்ணி பஸ்ஸுக்குப் போகவேணாமா? மழையில அவங்க படற பாட்ட ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு எப்படிண்ணே உக்காந்திருக்கிறது?"

"உன் நிலத்த ஏன் விட்டே?"

"கொடி இருந்துச்சே."

பிசேசர் இவ்வளவு நாளாக மென்று விழுங்கியதைத் துப்பினார். "அது பொய்க் கொடிடா. பூஜையே பண்ணல."

"தெரியும்ண்ணே."

"தெரியுமா!"

"பூஜ பண்ணா பிரசாதம் மொதல்ல பக்கத்து வீட்டுக்குத்தானே வரும்? நெய் வாசனகூட வரல. மறந்துட்டீங்க." சோகையைத் தட்டிவிட்டுச் சிரித்தான்.

"தெரிஞ்சிருந்தும் அந்தப் பொண்ணுகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களப் பொய்யன்னு ஊரே பேசும். அப்புறம் நீங்க கையெழுத்துப் போடுவீங்கன்னு காத்திருந்தா, அதுவரைக்கும் அண்ணி உசிரோட இருக்கணுமே?"

பிசேசர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் எதையாவது கண்டுபிடித்துவிட முடியாதா என்று தேடினார். ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. அவமானமாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பண்டிதர் பஸ்ஸில் வந்து புதுச் சாலையில் இறங்கி, அந்தப் படலைத் திறந்துகொண்டு வந்தார். கொடிக்கு முறையான பூஜை நடந்தது. சுமிந்திரா நெய்யில் இனிப்பு ரொட்டி பொரித்தாள். பக்கத்து வீட்டுக்கான முதல் தட்டை அவள் எடுத்தபோது பிசேசர் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

சமையல்கட்டின் பழைய கதவைத் தாண்டி, கட்டைமேல் நடந்து, படலருகே போனார். பழக்கதோஷம், பூட்டு போட்டிருக்கிறானா என்று ஒரு தடவை பார்த்தார். பிறகு தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.