கப்பல் போன மறுநாள் வரும் வண்டி

உங்கள் ஆபீசின் சாவுப் பதிவேட்டை நீங்கள் ஒரு நாளும் ஒழுங்காகப் படிக்கவில்லை, கப்பல் பட்டியலில் கையெழுத்திடும் ஐயா. குற்றம் உங்களுடையதுதான். பெயரைச் சொல்லமாட்டேன், இதைப் பத்திரிகையில் படிக்கும்போது உங்களுக்கே முகம் சுடும். வியாழக்கிழமை கப்பல் புறப்படுகிறது. வெள்ளிக்கிழமை காலையில் துறைமுகத்துக் கூலிக் கொட்டகையிலிருந்து என்னைத் தேடி ஆள் வரும். வராமல் தடுக்க உங்களால் முடியும்.

நான் பினாங்கில் பிணவண்டி கான்ட்ராக்டர். இந்தத் தொழிலில் எங்களோடு நின்று பேசுகிறவன் கிடையாது. எங்கள் எதிரில் எதையும் மறைத்துப் பேசுகிறவனும் கிடையாது. ஆபீஸ் படியில் கால் கடுக்க நின்று பழகிய மற்ற வாசகர்களே, நீங்களும் கேளுங்கள்.

நோட்டுப் புத்தகம்

கடைப்பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. கான்ட்ராக்ட் கிடைத்த முதல் வருஷமே, நான் ஓட்டிய நடைகளில் பாதியைச் சவக்கிடங்கில் கணக்கெழுதும் கிராணி இல்லையென்று சாதித்தான். மேஜையைக் குத்தினேன், மை கொட்டியதுதான் மிச்சம். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். எந்த நாள், எந்த இடம், யார் கூப்பிட்டது, இறந்தவரைப் பற்றி அங்கே நின்றவர்கள் என்ன சொன்னார்கள், எல்லாம் எழுதினேன். நாளைக்கு எவனாவது இல்லையென்றால் சாட்சி வேண்டுமே! நோட்டைப் புரட்டிப் பார்த்த கிராணி சிரித்தான்: "செத்தவனுக்கு நாங்களே ஒரு வரிதான் எழுதுறோம். நீ என்ன கான்ட்ராக்டரே, புராணமா எழுதுறே?"

ஒரு வார்த்தைக்குப் பேரம்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்த காலம். வேலை போனவர்களை ஊருக்கு அனுப்பக் கப்பல் வரும். கொட்டகையில் காத்திருப்பார்கள். புறப்படும் நாள் காலையில் பட்டியல் படிப்பார்கள். கண் சிவந்திருந்தால், இருமினால், காகிதம் சரியில்லையென்றால் பெயர் அடிபடும். அடுத்தது எப்போது என்று கேட்டால் பதில் வராது.

பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய ஒருவர் அப்படிப் பெயர் அடிபட்டு, மறுநாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மனைவி மரியம்மாள் டத்தோ கிராமாட்டில் சொந்தக்காரர் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாள். உள்ளது உள்ளபடி எழுதினால் மாதா கோயில் கல்லறையில் இடமில்லை. அந்தப் பெண் அழவில்லை. என் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவில்லை.

எனக்குப் பேரம்தானே தெரியும்? கிராணியிடம் போனேன். கெஞ்சினேன், கத்தினேன், கதவை மறித்து நின்றேன். கடைசியில் 'விபத்து' என்று எழுதினான். சாமியார் வந்தார், மணி அடித்தது. மரியம்மாள் கைகூப்பிச் சொன்னாள்: "அண்ணே, எம் பிள்ளைங்க இனி அப்பா பேரைத் தலை நிமிந்து சொல்லும்."

அந்தச் சொல் என்னை மயக்கிவிட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் போய் வாதாடினேன். கோயில் பயம் ஒருவருக்கு, போலீஸ் பயம் ஒருவருக்கு, சாதிசனத்தின் வாய் ஒருவருக்கு. விபத்து, காய்ச்சல், விபத்து. அந்த ஆபீசில் இந்த வார்த்தைகளை என்னைப்போல வாங்கியவன் இல்லை.

வீரையாவுக்குத் தெரிந்தது

கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம். நடை கூடியிருக்கிறது என்று காட்ட, நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கொட்டகைக்குப் போன நாட்களைத் தனியாகக் குறித்தேன். பக்கத்தில் கப்பல் அட்டவணை தொங்கியது. ஏதோ தோன்றி ஒப்பிட்டுப் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். காய்ச்சலும் பேதியும் எல்லா நாளும் வந்திருந்தன. தானே தேடிக்கொண்ட சாவுகள் மட்டும், ஒன்றிரண்டு தவிர, கப்பல் போன மறுநாளே வந்திருந்தன. எல்லாம் பெயர் அடிபட்டவர்கள்.

என் வண்டியோட்டி வீரையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே சொன்னான்: "கப்பலு போனா மறுநாள் விடியறப்பவே மாட்டைப் பூட்டி வெச்சிருவேன்ணே. நீங்க ஏன்னு கேட்டதே இல்லலா."

உங்கள் மேஜை முன்னால்

நோட்டோடு உங்களிடம் வந்தேன், ஐயா. நினைவிருக்கும்; நீங்கள் உட்காரச் சொல்லவில்லை. கப்பல் போன மறுநாள் மட்டும் கொட்டகையில் துணைக்கு ஆள் போடுங்கள், விடுபட்டவர்களுக்கு அடுத்த கப்பலின் தேதியைச் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் பதிவேட்டை வரவழைத்து, பெயர் பெயராகத் தேடினீர்கள். விபத்து. காய்ச்சல். விபத்து. "எங்கேயப்பா தற்கொலை?" என்று கேட்டுவிட்டு மூடினீர்கள்.

நோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒவ்வொரு விபத்தும் நான் கத்தி வாங்கியது. புதைக்க இடம் கேட்டு நான் வாங்கிய சொற்கள், அடுத்து சாகப்போகிறவனையும் சேர்த்து மறைத்துவிட்டன. தாழ்வாரத்தில் கிராணி என் தோளைத் தொட்டான். அவன் குரலில் கிண்டல் இல்லை: "நீதானேப்பா எழுத வெச்சே? நானும் பாவம்னுதானே எழுதுனேன்?"

ஆனால் ஒன்று, ஐயா. விபத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விபத்தும் ஒரே கொட்டகையில், கப்பல் போன மறுநாளே ஏன் நடக்கிறது என்று கேட்க உங்களுக்கு என் நோட்டு எதற்கு? தேதி உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறதே!

முனுசாமி

போன கப்பலுக்கு நானும் வீரையாவும் வண்டியை விட்டுவிட்டு நடந்தே கொட்டகைக்குப் போனோம். வண்டியோடு போனால் எமன் வந்துவிட்டான் என்று ஓடுவார்களே! விடுபட்டவர்களோடு சோறு தின்றோம், சண்டை போட்டோம், சீட்டாடினோம். மறுநாள் பொழுது சாய்கிறவரை ஒருவரையும் தனியாக விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை என் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஜுரு பக்கத்துத் தோட்டத்து முனுசாமி மட்டும் சீட்டாட்டத்தில் சேரவில்லை. இரண்டு தடவை பெயர் அடிபட்டவன். "ஊர்ல யாரு இருக்கா?" என்றேன். "மக." "வயசு?" "நான் வர்றப்ப அது இன்னும் நடக்கப் பழகல." நான் கிளம்பும்போது கையைப் பிடித்தான்: "அடுத்த கப்பல்ல எம் பேரு இருக்குன்னு சும்மாவாச்சும் சொல்லிட்டுப் போங்கண்ணே, உக்காந்திருக்கேன்."

சும்மா சொல்ல நாக்கு வரவில்லை; சும்மா சொல்லி நான் செய்தது போதும். கேட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.

ஆகவே கேட்கிறேன், ஐயா. விடுபட்டவன் பெயர் அடுத்த பட்டியலில் முதலில் வரட்டும். அவனுக்குத் தேதியை அன்றே சொல்லுங்கள். கப்பல் நாளிலும் மறுநாளிலும் கூட இருக்கச் சம்பள ஆள் போடுங்கள். சாமியாரும் போலீசும் பார்க்காத தனிப் புத்தகம் ஒன்று வையுங்கள். அதில் உண்மையை எழுத நானே கிராணியோடு உட்காருகிறேன். வியாழக்கிழமைக்கு முன்னால் செய்யுங்கள்.

வாழ்நாளெல்லாம் நடை கூடவேண்டும் என்று பேரம் பேசியவன், குறையவேண்டும் என்று உங்கள் வாசலில் நிற்கிறேன். இந்த ஒரு பேரத்திலாவது என்னை ஜெயிக்க விடுங்கள்.