அழுகை மட்டும் குடுங்கக்கா

நாகவல்லி அக்காவின் குரலைப் பற்றி எவனாவது தப்பாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் மாடி வீட்டில் குடியிருக்கிறாள். டப்பிங் பேசுவதுதான் தொழில். எனக்கும் அதே பிழைப்பு, ஆனால் அவள் கால்தூசிக்கு வரமாட்டேன். இருபது வருஷமாக எல்லார் வீட்டு டிவியிலும் பேசியிருக்கிறாள். வேலைக்காரியாக, மாமியாராக, கல்யாணக் கூட்டத்தில் யாரோ ஒருத்தியாக. முக்கியமான வேஷத்துக்கு ஒரு பயலும் கூப்பிட்டதில்லை.

போன வருஷம் ஒரு பிரிட்டிஷ் துப்பறியும் தொடரைத் தமிழில் கொண்டுவந்தார்கள். கடலோர ஊர், ஐம்பது வயதுப் பெண் இன்ஸ்பெக்டர், எபிசோடுக்கு ஒரு கொலை. இன்ஸ்பெக்டருக்கு அக்கா குரல் அப்படியே பொருந்தியது. தொடர் முழுக்க அவள்தான் என்று பேச்சு.

"சுதா, இன்னாடி இது! செத்துப் போறவளுக்கே பேசிகினு இருந்தேன். இப்ப கொலகாரன புடிக்கிறதே நான்தான்!" என்று போனிலேயே குதித்தாள்.

முதல் எபிசோடில் கொலைகாரி முகம் காட்டாமல் போனில் மிரட்டுவாள். ஒரே வரி. அதற்குத் தனியாக ஆள் கூப்பிட கோஆர்டினேட்டர் அமல்ராஜுக்கு மனசு வரவில்லை. ஒரே ஆள் நாலு பேருக்குப் பேசுவது எங்கள் தொழிலில் சகஜம்தான். குடும்ப சீரியலில் அது செல்லும். துப்பறியும் கதையில், அந்தக் குரல் யாருடையது என்பதே கதையாக இருக்கும்போது, செல்லுமா?

"தம்பி, இன்ஸ்பெக்டரும் நான்தானே? ஜனங்க கண்டுபுடிச்சிருவாங்கப்பா," என்றாள் அக்கா, மைக் முன்னால் நின்று.

"எவன் கவனிக்கப் போறான்? கொரல மாத்திப் பேசுக்கா," என்றான் அவன். பேசினாள்.

ஜனங்களுக்குக் காது இருக்கிறது ஐயா! வெளியான அன்றே, 'கொலை பண்ணதே இன்ஸ்பெக்டரம்மாதான்' என்று மீம் போட்டுக் கிழித்துவிட்டார்கள். கம்பெனிக்காரர் அமல்ராஜைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த மகராசன் கூசாமல் சொன்னான்: "அந்தம்மா தானா பேசிட்டாங்க சார். எனக்குத் தெரியாது."

அன்றைக்கே அக்காவைத் தொடரிலிருந்து தூக்கிவிட்டார்கள். சவுண்ட் இன்ஜினியர் பூபாலன் பழைய பதிவைத் தேடி எடுத்தான். அக்கா தடுத்துச் சொன்னது மைக்கில் அப்படியே பதிவாகியிருந்தது. கம்பெனிக்காரர் முன்னால் போட்டுக் காட்டினோம். கேட்டுவிட்டு, "சரி, தப்பு எங்க மேலதான். ஆனா புது ஆளப் போட்டாச்சே மேடம்," என்றார். அவ்வளவுதான். குற்றவாளியைப் பிடித்தாகிவிட்டது, தண்டனை மட்டும் அக்காவுக்கு. என்ன அநியாயம் இது!

புது ஆள் சிம்ரன், டிவி தொகுப்பாளினி. நன்றாகவே பேசுவாள், பொய் சொல்லக்கூடாது. அழத்தான் வராது. மூன்றாவது எபிசோடில் இன்ஸ்பெக்டரின் தங்கையே கொலையாகிறாள். அழுதே ஆகவேண்டும். அமல்ராஜ் அக்கா வீட்டு மாடிப்படி ஏறி வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அழுகை மட்டும் குடுங்கக்கா. ரெண்டே நிமிஷம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "செருப்பு பிஞ்சிரும்!" என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பேசறது ஒருத்தி, அழுவறது ஒருத்தியா? அங்க நிக்கிறது ஒரே பொம்பளதான நைனா? பேச்சு என்னுதுன்னா அழுகையும் என்னுது. இல்லன்னா ரெண்டும் கெடையாது. கெளம்பு."

அந்த எபிசோடை அவள் வீட்டிலேயே பார்த்தோம். தங்கையின் உடலுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்து, முகம் கோணி அழுகிறாள். அழுகைச் சத்தமே இல்லை. மேலே வயலினைப் போட்டு மூடிவிட்டிருந்தார்கள்.

"நல்லா வேணும் அவனுங்களுக்கு!" என்று கத்தினேன்.

அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்து வயலினை நிறுத்தினாள். காட்சியைப் பின்னால் தள்ளிவிட்டு டிவிக்கு முன்னால் போய் நின்றாள்.

"பாவம்டி அவ. கூடப் பொறந்தவ செத்துக் கெடக்கா, ஊமையாவா அழுவா?"

திரையில் அந்த இன்ஸ்பெக்டரம்மா வாய் திறந்ததும் இவள் அழத் தொடங்கினாள். ஓரிடத்திலும் உதடு தப்பவில்லை. காட்சி முடிவதற்குள் யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். திறந்தேன். பக்கத்து வீட்டுக் கண்ணம்மா, ஈரக் கையோடு, பதறிப்போய் நின்றிருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு? யாரு தவறிட்டாங்க?"