நான் பார்க்காத கபடி

எங்கள் பக்கத்துக் கபடி வீரர் ஒருவர் போன மாதம் இறந்தபோது, "அவர் ஆட்டத்தை நேரில் ரசித்தவன் நான்" என்று முகநூலில் எழுதினேன். அது பொய். நாலு பேர் பாராட்டுவார்கள் என்று எழுதியது.

யாரிடமோ என் எண்ணை வாங்கி, செம்பட்டியிலிருந்து அவர் மனைவி பேசினார். "அண்ணே, அவரு ஆடி நான் பார்த்ததே இல்ல. பொம்பளைகள விடமாட்டாக. எப்படி ஆடுவாரு, கொஞ்சம் சொல்லுங்களேன்."

"மன்னிச்சிருங்கம்மா, நானும் பார்த்ததில்ல" என்றேன். போனை வைத்துவிட்டார்.

நாகல் நகர் கபடிக்காரர்களிடம் விசாரித்து, அந்த வீரரை எதிர்த்து ஆடிய ஒருவரைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை செம்பட்டிக்குக் கூட்டிப்போனேன். வந்தவர் வீட்டு வாசலில் காலால் கோடு கிழித்தார். "இப்படித்தான்மா வருவாரு" என்று சொல்லி, 'கபடி கபடி' எனப் பாடிக்கொண்டே பாய்ந்து காட்டினார். அந்த அம்மா கண்கொட்டாமல் பார்த்தார்.

"இன்னொருக்கா ஆடுங்கண்ணே" என்றார்.

இப்போதெல்லாம் இரங்கல் எழுத உட்கார்ந்தால், பாதியிலேயே அழித்துவிடுகிறேன்.